நீச்சல் குளத்தில் வெட்சூட் படுத்துகிறதா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேடுவோம்

காரைக்குடி வெயிலில் வெட்சூட் என்ற, குளிர்ந்த நீரில் நீந்தப் போடும் 5 மில்லிமீட்டர் ரப்பர் உடுப்பை வாங்கி வைத்திருக்கிறவரைப் பார்த்து ஊர் சிரித்தால் அதில் தப்பே இல்லை. கோவா மிராமர் கடற்கரையில் நடக்கும் ஐயன்மேன் 70.3 என்ற டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) அது வேண்டாம், தொண்டிக் கடலில் நீந்தவும் வேண்டாம், அங்கெல்லாம் தண்ணீரே வெதுவெதுவென்றுதான் இருக்கும். ஹாம்பர்க், கோபன்ஹேகன், நியூசிலாந்தின் டாப்போ ஏரி என்று எங்காவது பணம் கட்டிப் பதிந்துவிட்டால்தான் கதை மாறுகிறது. அங்கே போய் இறங்கி, நேர வித்தியாசத்தில் தூக்கம் கெட்டு, போட்டிக்கு முந்தின நாள் குளிர்ந்த ஏரியில் முதல் தடவையாக அந்த உடுப்பை மாட்டிப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. இங்கேயே, பக்கத்துக் குளத்திலேயே பழகிவிடுங்கள்.

பழகுவது என்றால் கிலோமீட்டர் கணக்கில் நீந்துவது இல்லை. வெட்சூட் உங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது, அவ்வளவுதான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் தெரிகிற கோளாறில் முக்கால்வாசி கரையில் மாட்டும்போதே வந்துவிட்டது. தோள் கடுப்பு, மூச்சு முட்டல், கழுத்துப் புண், உள்ளே புகும் தண்ணீர் எல்லாவற்றின் அடியையும் தேடிப் போனால், அவசர அவசரமாக இழுத்து மாட்டிய அந்த ஐந்து நிமிடத்தில் போய் நிற்கும். உங்கள் தொல்லை எதுவாக இருந்தாலும் அடுத்து வருகிற பகுதியைப் படித்துவிட்டு உங்கள் இடத்துக்குத் தாவுங்கள்.

விதியும் தெரிந்திருக்கட்டும். ஐயன்மேன் போட்டிகளில் வயதுப் பிரிவினர், அதாவது தொழில்முறை வீரர்கள் அல்லாத நம்மைப் போன்றவர்கள், தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வெட்சூட் போடலாம். உலக டிரையத்லான் அமைப்பின் விதியில் 1500 மீட்டர் வரையிலான நீச்சலுக்கு வயதுப் பிரிவினருக்கு 22 டிகிரியைத் தாண்டினாலே தடை. தடிமன் எந்த இடத்திலும் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆழ்கடல் டைவிங் உடுப்பை யாராவது இரவல் கொடுத்தால் அன்போடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதன் தோள்பகுதி ஃப்ரீஸ்டைல் கை வீச்சுக்காகச் செய்தது இல்லை. டிரையத்லானுக்கென்றே தனி வெட்சூட் 1987-இல்தான் வந்தது, அமெரிக்காவின் டான் எம்ஃபீல்ட் குவின்டானா ரூ என்ற பெயரில் கொண்டுவந்தார். தோளில் மெல்லிசு, தொடையிலும் இடுப்பிலும் தடிப்பு என்று அதன் கணக்கே வேறு.

முழங்காலுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது

வியர்வை. வேறு ஒன்றும் இல்லை. நம் ஊரில் காலை ஆறு மணிக்கே பிடரி நனைந்துவிடுகிறது, ஈரத் தோலில் நியோப்ரீன் என்ற இந்த உடுப்பு ரப்பர் பிடித்துக்கொண்டு நகராது. நிழலில், முடிந்தால் மின்விசிறிக்குக் கீழே, துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து மாட்டுங்கள். நின்றுகொண்டு ஒற்றைக்காலில் தள்ளாடி மாட்டினால் வியர்வைதான் கூடும்.

மாட்டும் முன் நகத்தை வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழன்றிருக்க வேண்டும். ஜிப் முதுகுப் பக்கம் வரும், முன்பக்கம் போட்டுக்கொண்டு நிற்பவர்களை எல்லாப் போட்டியிலும் பார்க்கலாம். காலில் மளிகைக் கடை பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் பாதம் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்புறம் பையை உருவி அடுத்த காலுக்கு. கால் விளிம்பு கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும், கீழே இறங்கிக் கிடந்தால் மேலே எங்கேயோ துணி பற்றாமல் போகும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. மேல் விளிம்பைப் பிடித்து மொத்தமாக இழுக்கக் கூடாது. விரல் நுனியின் சதையால், நகம் படாமல், உடுப்பின் மேல்தோலில் ஒரு சின்ன மடிப்பைப் பிடித்துக் கொஞ்சமாக மேலே தள்ள வேண்டும். கெண்டைக்காலில் இருந்து முழங்கால், முழங்காலில் இருந்து தொடை, தொடையில் இருந்து கவட்டை. கவட்டையில் உடுப்பு உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும், இடையில் ஒரு விரல் போகிற சந்து இருந்தால்கூடக் கீழே திரும்பிப் போய் மறுபடி தள்ளிக்கொண்டு வாருங்கள். இது சலிப்பான வேலைதான், பத்து நிமிடம் பிடிக்கும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் பிறகு தோள் வலி என்று வருகிறார்கள்.

இடுப்பு வரை சரியாக வந்த பிறகே கைகள். அதே பிளாஸ்டிக் பை, அதே முறை, மணிக்கட்டு எலும்புக்கு மேலே விளிம்பு. முன்கையில் இருந்து துணியைச் சிறிது சிறிதாகத் தோள் வரை ஏற்றி, அக்குளில் சந்து இல்லாமல் பார்த்துக்கொண்டு, அப்புறம் தோளைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சை விரித்தால் ஜிப் சுலபமாக ஏறும். ஜிப்பை யாராவது போட்டுவிடுவது நல்லது. வீட்டில் ஒத்திகை பார்த்தால் ஆச்சியைக் கூப்பிடலாம், "இந்த வேகாத வெயில்ல இது எதுக்குய்யா" என்று ஒரு கேள்வி வரும், பதில் சொல்லிக்கொண்டே முதுகைக் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெயை உடம்பு முழுக்கத் தடவி வழுக்க வைக்கலாம் என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். எண்ணெய்க் கையால் உடுப்பைப் பிடிக்க முடியாது, குளத்து நீரில் எண்ணெய் மிதந்தால் மறுநாள் உங்களை உள்ளேயே விட மாட்டார்கள்.

நூறு மீட்டரிலேயே தோள் கடுக்கிறது

இதுதான் அதிகம் கேட்கப்படுகிற புகார். உடனே 'சைஸ் சின்னது' என்று முடிவு கட்ட வேண்டாம். தோளில் துணி பற்றாமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தோளில் இல்லை, கவட்டையில் இருக்கிறது. கீழே இரண்டு விரற்கடை சந்து விட்டு மாட்டியிருந்தால் அந்த நீளம் முழுக்க முதுகிலும் தோளிலும் இழுபடும், ஒவ்வொரு கை வீச்சிலும் நீங்கள் ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

சோதிக்க எளிய வழி: கரையில் நின்று ஒரு கையை நேராக மேலே தூக்குங்கள். இடுப்பில் உடுப்பு வெடுக்கென்று மேலே இழுபட்டால் கீழே இருந்து துணி ஏற வேண்டும். தூக்கிய கையின் அக்குளில் காற்றுப் பை மாதிரி ஒரு தொய்வு தெரிந்தால் கைத்துணி மேலே வரவில்லை. ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முழங்கையில் இருந்து தோளுக்கு மடிப்பு மடிப்பாகத் தள்ளி, தோளின் மேல் ஒரு சின்ன மடிப்பு உபரியாக நிற்கும்படி வைத்து மறுபடி ஜிப்பைப் போடுங்கள். அந்த உபரி மடிப்புதான் உங்களுக்குக் கை வீசக் கிடைக்கும் இடம்.

அதற்குப் பிறகும் கடுத்தால் தண்ணீரில் இறங்கி, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கிக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடுங்கள். கையை மேலே தூக்கி இறக்கி அந்த நீரை வெளியே பிதுக்கினால் உடுப்பு உடம்போடு படிந்து உட்காரும், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் போய்விடும். இதைச் செய்யாமல் நேராக நீந்த ஆரம்பிப்பவர்கள் முதல் சில லேப்களில் படும் பாட்டைப் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவும் செய்து தோள் இன்னும் எரிகிறது என்றால் அப்போது சைஸைச் சந்தேகப்படுங்கள். அல்லது உங்கள் கை வீச்சைச் சந்தேகப்படுங்கள். முழங்கையை மிக உயரத் தூக்கி விரலைத் தண்ணீருக்கு ஒட்டிக் கொண்டுபோகிற அழகான குளத்து பாணி வெட்சூட்டில் தோளைத் தின்றுவிடும். கையைக் கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் நேராக வீசினால் ரப்பரோடு மல்லுக்கட்டுவது குறையும்.

நெஞ்சை அமுக்குகிறது, மூச்சு வாங்க முடியவில்லை

முதலில் மல்லாந்து படுங்கள். வெட்சூட் உங்களை மிதக்க வைக்கும், காலை அடிக்கக்கூட வேண்டாம். இதைக் கோளாறு வராத நாளிலேயே பழகிவிட்டால், போட்டியில் பதற்றம் வரும்போது உடம்பு தானாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். குளத்தில் செய்ய வேண்டிய பயிற்சிகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

காரணங்கள் பல. புது உடுப்பு கரையில் இறுக்கமாகத்தான் இருக்கும், தண்ணீரில் சற்று இளகும். மூச்சை முழுதாக வெளியே விடாமல் உள்ளிழுக்கவே பார்ப்பது அடுத்த காரணம், நெஞ்சில் அழுத்தம் இருக்கும்போது இந்தப் பழக்கம் இரண்டு மடங்காகத் தெரியும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி விட்டு ஊதித் தள்ளிவிடுங்கள், உள்ளே வருவது தானாக வரும். இரண்டு கை வீச்சுக்கு ஒரு மூச்சு என்று முதல் ஐந்தாறு லேப் போங்கள், மூன்றுக்கு ஒன்று என்ற கௌரவத்தையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் குளத்தில் ஒத்திகை பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. 17, 18 டிகிரி தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாகத் திணறும். அதை இங்கே முழுக்கக் கொண்டுவர முடியாது. காலையில் குளிர்ந்த நீரை முகத்திலும் பிடரியிலும் ஊற்றிக்கொண்டு மூச்சை நிதானமாக விடப் பழகுவது கொஞ்சம் உதவும். ஊருக்குப் போன பிறகு போட்டிக்கு முன் ஏரியில் ஒருமுறையாவது இறங்கிப் பார்ப்பதுதான் உண்மையான மருந்து.

இதில் விளையாடக் கூடாத ஒரு இடம் இருக்கிறது. நின்று இளைப்பாறிய பிறகும் மூச்சுத் திணறல் அடங்கவில்லை, விடாமல் இருமல், நெஞ்சில் களகளவென்ற சத்தம், சளியில் இளஞ்சிவப்பு நுரை. இதில் எதைக் கண்டாலும் பயிற்சி அத்தோடு முடிந்தது. நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை உண்டு, டிரையத்லான்காரர்களிடம் அது பதிவாகியிருக்கிறது, அதைத் தூண்டும் காரணங்களில் இறுக்கமான வெட்சூட்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு வலி வந்தாலும் அப்படித்தான். ரத்த அழுத்தம் இருக்கிறவர்கள் வெட்சூட் வாங்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

தலை சுற்றுகிறது, குமட்டுகிறது

இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் செய்வது வேறு. கழுத்துப் பட்டை இறுகியிருந்தால், கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் பெரிய ரத்தக் குழாய்கள் அழுந்தி நாடி தளர்ந்து தலை லேசாகும். பட்டையைத் தளர்த்தியதும் ஓரிரு நிமிடத்தில் சரியாகிறதா, அப்படியானால் அதுதான். வெல்க்ரோவை ஒரு விரல் அளவு தள்ளி ஒட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் உடுப்பு உங்கள் கழுத்துக்கு ஆகாது.

தளர்த்தியும் சரியாகாமல் முகம் சிவந்து, தலை வலித்து, குமட்டினால் அது சூடு. செட்டிநாட்டில் இதுதான் பெரிய எதிரி, அதனால் இதற்குத் தனியாக.

உள்ளே வேகிறது

நியோப்ரீன் என்பது உள்ளுக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் அடைத்த ரப்பர். உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்காகவே செய்தது. அதைப் போட்டுக்கொண்டு 30 டிகிரியைத் தொடும் நீரில் வேகமாக நீந்தினால் சூடு போக வழியே இல்லை. சித்திரை, வைகாசியில் திறந்தவெளிக் குளத்துத் தண்ணீர் மாலை நான்கு மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மாதங்களில் வெட்சூட்டைப் பெட்டியிலேயே விடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஜூன், ஜூலை ஐரோப்பியப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது கஷ்டம்தான், அவர்கள் மார்கழி, தை மாதங்களிலேயே உடுப்போடு பழகிவிட்டு, கோடையில் நினைவு புதுப்பிக்க மட்டும் விடிகாலையில் கொஞ்ச நேரம் இறங்கலாம்.

நேரம் முக்கியம். இரவு முழுக்க ஆறியிருக்கும் தண்ணீர் பொழுது விடியும் முன்தான் கிடைக்கும். வெட்சூட்டை முதலில் போடுங்கள், கடைசியில் இல்லை. பத்து, மிஞ்சிப்போனால் பதினைந்து நிமிடம் நிதானமாக நீந்திவிட்டுக் கழற்றிவிட்டு, மிச்சப் பயிற்சியைச் சாதாரண நீச்சல் உடையில் முடியுங்கள். வேக லேப் எதையும் உடுப்போடு வைத்துக்கொள்ள வேண்டாம். ஜிப்பைத் தண்ணீரில் நின்ற பிறகே ஏற்றுங்கள், கரையில் முழுசாக மூடிக்கொண்டு நண்பருக்காகக் காத்திருப்பதில்தான் பாதிச் சூடு ஏறுகிறது. லேப்புக்கு நடுவே கழுத்தை விலக்கிப் புது நீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கலாம். ரப்பர் தொப்பி தேவையில்லை, தலை வழியாகவாவது சூடு போகட்டும்.

குமட்டலோ தலைவலியோ வந்துவிட்டால், அல்லது சூட்டில் இருக்கும்போதே உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிந்தால், உடனே கரையேறி ஜிப்பைத் திறந்து இடுப்பு வரை கழற்றுங்கள். நிழல், தலையிலும் கழுத்திலும் குளிர்ந்த தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். பேச்சு குழறினாலோ குழப்பமாக நடந்துகொண்டாலோ கூட இருப்பவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தனியாக வெட்சூட் பயிற்சிக்குப் போகாதீர்கள் என்று சொல்வதும் இதற்குத்தான்.

குளம் சுடுகிறதென்று ஊருணியில் இறங்கலாமா என்று யாராவது கேட்பார்கள். குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைத்தாலே இங்கே சண்டை வரும், அதில் ரப்பர் உடுப்போடு இறங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குப் பிறகு நிரம்பிய கண்மாயில் அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, சேறும் கருவேல முள்ளும் வெட்சூட்டையும் விடாது, உங்களையும் விடாது.

பிடரியில் தோல் உரிந்து எரிகிறது

மூச்சுக்காகத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கழுத்துப் பட்டை அதே இடத்தில் உரசுகிறது. வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கம் ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தாலும் போதும், அரை மணியில் புண். மென்மையான மடல் அதை முழுக்க மூடும்படி ஒட்டியிருக்கிறதா என்று போட்டுவிடுகிறவரையே பார்க்கச் சொல்லுங்கள், உங்களால் பார்க்க முடியாது. ஜிப் கயிற்றையும் மடித்து அதற்கான இடத்தில் செருகிவிடுங்கள்.

உரசல் தடுக்க விளையாட்டுக் கடைகளில் கட்டியாகவோ ஸ்பிரேயாகவோ கிடைப்பதை வாங்கிப் பிடரி, அக்குள், கணுக்காலில் பூசுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம் என்று வெட்சூட் தயாரிப்பாளர்கள் பலரும் சொல்கிறார்கள், ரப்பருக்கும் ஒட்டுக்கும் அது நல்லதல்ல. முந்தின நாள் மழித்த கழுத்து வேறு கதை, முளைக்கும் தாடி மயிரே தோலை அறுக்கும். போட்டிக்கு முந்தின இரவு மழித்துவிடலாமா அல்லது விட்டுவிடலாமா என்பதைக் குளத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கால் தண்ணீருக்கு மேலே கிடக்கிறது, உதைத்தால் காற்றுதான்

மகிழ்ச்சியான தொல்லை. இடுப்பும் தொடையும் தூக்கிக் கொடுக்கிறது, கால் அமிழாதவர்களுக்கு இதில் லாபம் குறைவு, கால் அமிழ்கிறவர்களுக்கு அதிகம். உதையைக் குறையுங்கள். ஒரு கை வீச்சுக்கு ஒரு உதை போதும், சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் தொடையை மிச்சம் பிடிக்கிறீர்கள். கிணற்றில் குதித்து நீச்சல் கற்ற நம் ஊர்க்காரர்கள் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்தும் பழக்கத்தோடு வருவார்கள், கால் ஏற்கெனவே மேலே நிற்கும் இந்த உடுப்பில் தலையையும் தூக்கினால் நடு முதுகு வில்லாக வளைந்து வலிக்கும். பார்வை குளத்தின் அடியில் இருக்கட்டும்.

ஆனால் திசை பார்ப்பதற்காகக் கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேல் கொண்டுவருவதைப் பழகத்தான் வேண்டும், ஏரியில் குளத்து அடியில் இருப்பது போன்ற கறுப்புக் கோடு கிடையாது. லேப்புக்கு இரண்டு முறை, குளத்தின் மறுகோடியில் இருக்கிற ஏதாவது ஒன்றை, ஒரு தென்னை மரமோ தண்ணீர்த் தொட்டியோ, நோட்டம் பார்த்துவிட்டுப் பக்கவாட்டில் மூச்செடுங்கள். பிடரியில் உரசல் எங்கே வரும் என்பதும் இதைச் செய்யும்போதுதான் தெரியவரும்.

சுவரில் திரும்பும்போது குட்டிக்கரணம் அடிக்க வரவில்லை

வராது. மிதப்பு தூக்கும். கவலைப்படாதீர்கள், ஏரியில் சுவர் இல்லை. சுவருக்கு ஒரு மீட்டர் முன்பே தொடாமல் வளைந்து திரும்பிப் பழகுங்கள், போட்டியில் மிதவையைச் சுற்றுவதற்கு அது ஒத்திகை. செட்டிநாட்டு விடுதிகளின் சின்னக் குளங்களில் பழகுகிறவர்களுக்கு இது பத்து விநாடிக்கு ஒருமுறை வாய்க்கும்.

முதுகில் தண்ணீர் சளக் சளக் என்கிறது

கொஞ்சம் நீர் உள்ளே இருப்பது வழக்கம், உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் இடுப்புக்குப் பின்னால் ஒரு பை மாதிரி தேங்கி ஒவ்வொரு சுழற்சிக்கும் அசைந்தால் ஒன்று ஜிப் முழுக்க ஏறவில்லை, இல்லையென்றால் உடுப்பு பெரிது. கரையேறி நின்று குனிந்து நிமிருங்கள், முதுகுத் துணியைக் கையால் கொத்தாகப் பிடிக்க முடிந்தால் ஒரு சைஸ் கீழே போங்கள். இடுப்பளவு மட்டும் வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது, உயரம், எடை, நெஞ்சளவு மூன்றையும் அந்த நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள்.

காவலர் இறங்க விடவில்லை

"அண்ணே, ரப்பர் டிரஸ்ஸெல்லாம் போட்டு இறங்கக் கூடாதுண்ணே, தண்ணி கெட்டுப்போகும், பெரியவர் திட்டுவாரு."

"தம்பி, இது குளிக்கப் போட்டதில்ல, நீந்துறதுக்குன்னே உள்ள டிரஸ். ஷவர்ல நல்லா அலசிட்டுத்தான் இறங்குவேன், நீயே பாரு."

இப்படித்தான் பேசித் தீர்க்க வேண்டும், வாதாட வேண்டாம். முந்தின நாளே நிர்வாகத்திடம் சொல்லிவைத்து, கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்களை மிதக்க வைக்கும் உடுப்பு என்று காவலருக்கும் விளக்கிவிட்டால் நீங்கள் மல்லாந்து கிடக்கும்போது அவர் பதறி விசில் ஊதாமல் இருப்பார்.

கழற்ற வரவில்லை

ஈரமாக இருக்கும்போதே கழற்றாதவர்களுக்கு இந்தத் தொல்லை. கரையேறி நின்று பேசிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கிற நீர் வடிந்து ரப்பர் தோலோடு ஒட்டிவிடும். போட்டியிலும் தண்ணீரை விட்டு எழுந்ததுமே கயிற்றைப் பிடித்து ஜிப்பைத் திறந்து, ஓடிக்கொண்டே கைகளை உருவி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளுக்குப் போக வேண்டும். சில உடுப்புகளில் ஜிப் கீழிருந்து மேலே திறக்கும்படி தலைகீழாக இருக்கும், உங்களுடையது எது என்று கை தானாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கையை உருவும்போது தொப்பியையும் நீச்சல் கண்ணாடியையும் கையில் பிடித்தபடியே உருவினால் இரண்டும் கைத்துணிக்குள்ளேயே தங்கிவிடும், தனியாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். கடிகாரத்தை உடுப்புக் கையின் மேலே கட்டினால் அது மாட்டிக்கொள்ளும், அடியில் கட்டுங்கள். கால்களுக்கு: இடுப்பில் இருந்து தொடை வழியாக ஒரே அழுத்தாக முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒரு காலால் உடுப்பை மிதித்துக்கொண்டு மறு காலை மேலே உருவுங்கள். கணுக்காலில் நேரம் பதியும் சிப் பட்டை உடுப்பின் அடியில் இருக்கும்போது குதிகாலில் சிக்கும். குளத்தில் பழகும்போதே அதே இடத்தில் ஒரு துணிப் பட்டையைக் கட்டிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். அப்படியும் குதிகால் சிக்கினால் கால் விளிம்பில் இரண்டு விரற்கடை வெட்டிவிடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள், உங்கள் உடுப்பின் உத்தரவாதம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கத்திரியை எடுங்கள்.

ஓரங்களில் நகக் கீறல், ரப்பர் விறைக்கிறது, நாறுகிறது

நகக் கீறல் மேல்தோலில் மட்டும் இருந்தால் பயமில்லை. அடியில் இருக்கும் துணி கிழியாமல் இருக்கும் வரை நியோப்ரீன் ஒட்டுப்பசை போதும். கீறல் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி, பசை ஒட்டும் பக்குவத்துக்கு வரும் வரை காத்திருந்து, சேர்த்து அழுத்தி, ஒருநாள் விடுங்கள்.

விறைப்புக்கும் நாற்றத்துக்கும் குளோரின் பெரிய காரணம், குளத்து நீரை உடுப்பில் காய விடக் கூடாது. பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுங்கள். காரைக்குடிப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் உப்பு இருக்கும், அதில் அலசினால் காய்ந்த பிறகு ஜிப்பில் வெள்ளை படியும். ஒரு வாளி குடிதண்ணீரைக் கடைசி அலசலுக்கு ஒதுக்குங்கள். உலோக அரிமானத்தையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் ஜிப் இழுவை துருப்பிடித்தது என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். வாஷிங் மெஷின், துணி சோடா, அயர்ன் எதுவும் கூடாது. உள்ளே சிறுநீர் கழிப்பது போட்டியில் நடக்கும், குளத்தில் வேண்டாம், தயவுசெய்து.

காய வைக்கும்போது உட்புறத்தை முதலில் வெளியே திருப்புங்கள், அது காய்ந்த பிறகு மறுபக்கம். முற்றத்து வெயிலில் போட்டால் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். வளவுக்குள், காற்று ஓடும் நிழலில், தடியான கொடியில் இடுப்பில் மடித்துப் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்தால் ஈரம் அடியில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்ததும் கோரைப்பாய் சுருட்டுவது போலத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள், மடித்து மேலே கனமான பெட்டி வைத்தால் மடிப்புத் தடம் நிலைத்துவிடும். எலி இருக்கிற வீடென்றால் மூடியுள்ள டப்பா.

விமானத்தில் போகும்போது வெட்சூட்டைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சைக்கிள் பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் வாடகைக்குச் சைக்கிள் கிடைத்துவிடும், உங்கள் உடம்புக்கு இளகிய வெட்சூட் கிடைக்காது. அதனுள்ளேயே அந்த இரண்டு பிளாஸ்டிக் பையையும் உரசல் தடுப்புக் கட்டியையும் சுருட்டி வைத்துவிடுங்கள்.